கத்தரி பூத்துப் பூத்து உதிர்கிறது, ஒரு காய்கூட நிற்கவில்லை

முதல்தொட்டி:
எல்லோருக்கும் வணக்கம். இத்தனை நாள் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். இப்போது எழுதியே ஆகவேண்டிய நிலை.

மொட்டை மாடியில் 5 கத்தரிச் செடிகள் வைத்திருக்கிறேன். ஒவ்வொன்றும் 20 லிட்டர் பையில். மண், தேங்காய் நார்க்கழிவு, மண்புழு உரம் மூன்றும் சம பங்கு. 30 நாள் நாற்றை எடுத்து நட்டேன், நட்டு 48 நாள் ஆகிறது. செடியைப் பார்த்தால் யாரும் குறை சொல்ல முடியாது. இடுப்பளவு உயரம், இலை ஒவ்வொன்றும் என் உள்ளங்கையைவிடப் பெரிது, நல்ல கரும்பச்சை. இரண்டு வாரமாகப் பூக்கிறது. ஆனால் பூ விரிந்த மூன்றாம் நாள் காம்பு மஞ்சளாகி, தொட்டால் விழுந்துவிடுகிறது. நேற்றுவரை 31 பூ. எண்ணி வைத்திருக்கிறேன், வேறு வேலை?

வாரம் ஒருமுறை கடலைப் பிண்ணாக்குக் கரைசல் ஊற்றுகிறேன். காலை, மாலை இரண்டு வேளையும் தண்ணீர். பூச்சி எதுவும் கண்ணில் படவில்லை. எங்கே தப்பு?

விசிறி:
பூ உதிர்வதற்கென்றே வளர்ச்சி ஊக்கி விற்கிறார்கள். ஒரு தடவை தெளித்துப் பாருங்கள், நிற்கும்.

களைக்கொத்து:
ஊக்கி கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். முதலில் சில கேள்விகள், தம்பி. எத்தனை மணி நேரம் நேர் வெயில் விழுகிறது? மதியம் மாடியில் வெப்பம் எவ்வளவு? பை என்ன நிறம்?

கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. கத்தரிக்கு 22 முதல் 30 டிகிரி வரை சுகம். 35 டிகிரியைத் தாண்டினால் மகரந்தம் கெட்டுப் பூ உதிரும். குளிரும் ஆகாது, இரவில் 15 டிகிரிக்குக் கீழே போனாலும் இதே கதைதான்.

இன்னொன்று, நீங்கள் பெருமையாகச் சொன்ன அந்தக் கரும்பச்சை இலை. எனக்கு அங்கேதான் சந்தேகம். தழைச்சத்து அளவுக்கு மேல் போனால் செடி இலையாகவே விட்டுக்கொண்டிருக்கும், காய்ப்பதைப் பற்றி யோசிக்காது. பிண்ணாக்குக் கரைசலை மூன்று வாரம் நிறுத்துங்கள். மண்புழு உரம் மூன்றில் ஒரு பங்கு போட்டிருக்கிறீர்கள், அதுவே இப்போதைக்குப் போதும்.

முதல்தொட்டி:
வெயில் காலை 8 முதல் மாலை 4 வரை. மதியம் 37, 38 காட்டுகிறது. பை கறுப்பு. வரிசையாக எல்லாவற்றிலும் மாட்டிக்கொண்டேன் போல, அண்ணா.

பழைய வாளி:
கறுப்புப் பைக்குள் மதியம் கையை விட்டுப் பாருங்கள். காற்றைவிட மண் சூடாக இருக்கும். வேர் வெந்துகொண்டிருக்கும்போது பூ எப்படி நிற்கும்? பையைச் சுற்றிப் பழைய சாக்கு ஒன்றைக் கட்டுங்கள். தரையில் நேராக வைக்காமல் இரண்டு செங்கல்லின் மேல் ஏற்றி வையுங்கள். மேலே காய்ந்த இலையை நாலு விரல் கனத்துக்குப் போடுங்கள்.

இரண்டு வேளை தண்ணீர் என்பதும் கணக்கு இல்லை. விரலை மண்ணில் இரண்டாம் கணு வரை விடுங்கள். ஈரம் ஒட்டினால் ஊற்ற வேண்டாம். ஒட்டவில்லை என்றால் பைக்கு அடியில் தண்ணீர் வெளியேறும்வரை ஊற்றுங்கள். மேலாக நனைத்துவிட்டுப் போவதால் வேரும் மேலேயே சுற்றிக்கொண்டிருக்கும்.

தேனீக்காரி:
எல்லோரும் மண்ணைப் பார்க்கிறீர்கள், பூவை யாரும் பார்க்கவில்லையே!

தம்பி, நாளைக் காலையில் ஒரு பூவை நிமிர்த்தி முகத்துக்கு நேராகப் பிடியுங்கள். நடுவில் மஞ்சளாக ஐந்தாறு மகரந்தப்பைகள் கூம்பு மாதிரி சேர்ந்து நிற்கும். அந்தக் கூம்பின் நடுவிலிருந்து பச்சையாக ஒரு குமிழ் எட்டிப் பார்க்கிறதா? அதுதான் சூல்முடி. மஞ்சள் கூம்பைத் தாண்டி வெளியே நீண்டிருந்தால் அது காய்க்கும் பூ. கூம்புக்குச் சமமாக இருந்தாலும் பாதகமில்லை. எட்டிப் பார்த்தாலும் தெரியாமல் உள்ளே குட்டையாக ஒளிந்திருந்தால் அந்தப் பூ உதிரப் பிறந்தது. நீங்கள் என்ன ஊற்றினாலும் உதிரும்.

ஒரே செடியில் இரண்டு விதமும் வரும். கொத்தாகப் பூக்கும் ரகம் என்றால், கொத்தின் அடியில் இருக்கும் முதல் பூ பெரும்பாலும் நீளச் சூல்முடியோடு இருக்கும், மற்றதெல்லாம் குட்டை. அதனால் 31 பூ விழுந்தது என்ற கணக்கு பாதி பொய்க்கணக்கு. அதில் எத்தனை காய்க்கக்கூடிய பூ என்று தெரிந்தால்தான் பேச முடியும்.

இரண்டாவது விஷயம் மகரந்தம். கத்தரியின் மகரந்தப்பை பக்கவாட்டில் வெடிக்காது. நுனியில் மட்டும் சின்னத் துளை, உப்புக் குப்பி மாதிரி. குலுக்கினால்தான் தூள் கொட்டும். தச்சுத் தேனீ, நீலப்பட்டைத் தேனீ இவையெல்லாம் பூவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இறக்கைத் தசையை அதிரவிட்டு ரீங்கரிக்கும், அந்த அதிர்வில் மகரந்தம் வயிற்றில் கொட்டும். நான் பெட்டியில் வளர்க்கிற தேனீக்களுக்கு இந்த வித்தை தெரியாது. அவை பூவில் உட்கார்ந்துவிட்டுச் சும்மா போகும், நான் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறேன்.

கத்தரி தன் மகரந்தத்திலேயே காய்க்கும், இன்னொரு செடி தேவையில்லை. காற்று அடித்தாலே ஓரளவு நடக்கும். உங்கள் மாடியில் சுற்றுச்சுவர் உயரமாக இருந்து காற்று புகவில்லை என்றால் நீங்களே தேனீயாக மாற வேண்டியதுதான். காலையில் வெயில் ஏறியதும், பூக்காம்பின் பின்பக்கம் ஆட்காட்டி விரலால் நாலு சுண்டு சுண்டுங்கள். பேட்டரி பல்துலக்கி இருந்தால் இன்னும் நல்லது, அதன் பின்புறத்தைக் காம்பில் இரண்டு நொடி வையுங்கள். கறுப்புத் துணி ஒன்றைக் கீழே பிடித்தால் மஞ்சள் தூள் விழுவது தெரியும்.

விசிறி:
பல்துலக்கியா? செடிக்குப் பல் விளக்கிவிட்ட முதல் ஆள் என்று பெயர் வாங்கிக்கொடுத்துவிடுவீர்கள் போலிருக்கிறதே, அக்கா.

முதல்தொட்டி:
காலையில் பார்த்தேன். 12 பூ. அதில் 9 குட்டை, 3 மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. அந்த மூன்றும் ஓரத்தில் இருக்கும், கொஞ்சம் சவலையாக வளர்ந்த செடியில். கொழுகொழுவென்று இருக்கிற நாலு செடியிலும் ஒன்றுகூட இல்லை. மூன்றையும் சுண்டினேன், தூள் விழுந்தது. கைபேசியில் படம் எடுக்கப் பார்த்தேன், கை நடுங்கிவிட்டது.

களைக்கொத்து:
சவலைச் செடி சொல்வதைக் கேளுங்கள். நீளப் பூவும் குட்டைப் பூவும் எந்த விகிதத்தில் வரும் என்பது ரகத்தைப் பொறுத்தது, வெப்பத்தைப் பொறுத்தது, செடியின் சத்து நிலையைப் பொறுத்தது. காய் நிறையச் சுமக்கும்போதும் குட்டைப் பூ கூடும், அது செடியே பார்த்துச் செய்துகொள்கிற ஏற்பாடு. உங்களுக்குக் காய்ச் சுமை இல்லை. அதனால் வெப்பமும் தழைச்சத்தும்தான் என் கணிப்பு. மதியம் 12 முதல் 2 வரை ஒரு நிழல்வலையை மேலே இழுத்து விடுங்கள். நாள் முழுக்க வேண்டாம், 6 மணி நேரமாவது நேர் வெயில் இல்லாமல் கத்தரி காய்க்காது.

அப்புறம், செடியின் அடியைப் பாருங்கள். முதல் பூ வந்த இடத்தில் தண்டு இரண்டாகக் கவைபோல் பிரிந்திருக்கும். அதற்குக் கீழே முளைத்த பக்கத்தளிரையெல்லாம் கிள்ளிவிடுங்கள். காற்று ஓடும். மண்ணைத் தொடும் இலையும் இருக்காது. குச்சி ஊன்றியிருக்கிறீர்களா? காய் வந்த பிறகு ஊன்றினால் வேர் அறுபடும்.

பழைய வாளி:
முதல் பூவையும் கிள்ளச் சொல்வார்கள் சிலர். செடி ஒரு சாண் இருக்கும்போதே பூத்தால் நானும் கிள்ளுவேன். இடுப்பளவு வளர்ந்த செடியில் கிள்ளுவது வெட்டி வேலை.

இந்த இடத்தில் நட்ட விதத்தையும் கேட்டுவிடுகிறேன். தக்காளி மாதிரித் தண்டைப் பாதி புதைத்து நட்டீர்களா? தக்காளித் தண்டு புதைத்த இடமெல்லாம் வேர்விடும். கத்தரிக்கு அந்தக் குணம் குறைவு. விதையிலை மட்டத்துக்கு மேல் மண் ஏறினால் கழுத்து அழுகிப்போகலாம்.

முதல்தொட்டி:
விதையிலை மட்டம்தான், ஐயா. தப்பித்தேன்.

சுருட்டை இலை:
இந்த இழையிலேயே கேட்டுவிடுகிறேன், மன்னிக்கவும். என் கத்தரியில் இலையெல்லாம் சுண்டுவிரல் நகம் அளவுக்குத்தான் வருகிறது. பக்கத்தளிர் கணக்கில்லாமல் வந்து செடி துடைப்பம் மாதிரி ஆகிவிட்டது. பூவே இல்லை. நுண்ணூட்டம் தெளித்தும் மாறவில்லை.

களைக்கொத்து:
அது சிற்றிலை நோய். சத்துக்குறைவு இல்லை. பைட்டோபிளாஸ்மா என்ற நுண்ணுயிர் செடியின் சாறு ஓடும் குழாயில் உட்கார்ந்திருக்கிறது, தத்துப்பூச்சி ஒரு செடியிலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோகும். மருந்து கிடையாது. பிடுங்கிவிடுங்கள்.

சுருட்டை இலை:
விதை போட்டு ஆளாக்கிய செடி. கிளையை மட்டும் வெட்டிப் பார்க்கலாமா?

களைக்கொத்து:
வேண்டாம். நோய் கிளையில் மட்டும் இல்லை, செடி முழுக்க ஓடுகிறது. அதை வைத்திருக்கும் ஒவ்வொரு நாளும் பக்கத்துச் செடிக்கு ஆபத்து. சாயங்காலத்துக்குள் பிடுங்கிவிட்டு வந்து சொல்லுங்கள், அம்மா.

சுருட்டை இலை:
பிடுங்கிவிட்டேன். கஷ்டமாக இருக்கிறது.

முதல்தொட்டி:
16 நாள் கழித்து வருகிறேன். நல்ல செய்தி முதலில். சவலைச் செடியில் 3 காய், மற்ற செடிகளில் 4. கோலிக்குண்டு அளவில் தொடங்கியது இப்போது எலுமிச்சை அளவு. சாக்கு கட்டினேன், வலை இழுத்தேன், கரைசலை நிறுத்தினேன். எது வேலை செய்தது என்று தெரியவில்லை, எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்தேன்.

கெட்ட செய்தி: இரண்டாவது செடியில் ஒரே ஒரு கிளையின் நுனி தலை தொங்கிவிட்டது. தண்ணீர் ஊற்றியும் நிமிரவில்லை. மற்றக் கிளையெல்லாம் நன்றாக இருக்கிறது.

விசிறி:
வெயில் தாளாமல் இருக்கும். இன்னொரு குடம் ஊற்றுங்கள்.

களைக்கொத்து:
தண்ணீர் போதாவிட்டால் செடி முழுக்கத் தொங்கும். ஒரு நுனி மட்டும் தொங்கினால் உள்ளே ஆள் இருக்கிறான் என்று அர்த்தம். தொங்கிய இடத்துக்கு ஒரு விரல் கீழே பாருங்கள், ஊசிக்குத்து மாதிரி ஓட்டையும் அதில் ஈரமான பழுப்புத் தூளும் இருக்கும். வெட்டி, நகத்தால் நீளவாக்கில் பிளந்து பாருங்கள்.

முதல்தொட்டி:
இருந்தான்! தண்டு உள்ளே வெற்றுக் குழாய். அடியில் ரோஜா நிறத்தில் ஒரு புழு, ஒரு சென்டிமீட்டர் இருக்கும், தலை பழுப்பு. வெளிச்சம் பட்டதும் பின்பக்கமாகவே நகர்ந்து தூளுக்குள் புகப் பார்த்தது.

களைக்கொத்து:
குருத்து மற்றும் காய்த்துளைப்பான். லியூசினோடஸ் ஆர்போனாலிஸ் என்பது அதன் அறிவியல் பெயர். கத்தரி வைப்பவர்களுக்கு மற்ற எல்லாப் பூச்சியும் சேர்ந்து கொடுக்கிற தொல்லையைவிட இது ஒன்று கொடுப்பது அதிகம்.

இதன் வாழ்க்கையைத் தெரிந்துகொண்டால் என்ன செய்வது என்பது தானாகவே விளங்கும். தாய், வெள்ளை இறக்கையில் பழுப்புத் திட்டுகள் உள்ள சின்ன அந்து. இரவில்தான் நடமாட்டம். பெரும்பாலும் இலையின் அடிப்பக்கத்தில் ஒவ்வொன்றாக முட்டை வைக்கும். மூன்று முதல் ஆறு நாளில் பொரியும். பொரித்த புழு வெளியே சுற்றிக்கொண்டிருக்காது, சில மணி நேரத்துக்குள் இளங்குருத்தில் துளையிட்டு உள்ளே போய்விடும். உள்ளே போனதும் ஓட்டையைத் தன் கழிவாலேயே அடைத்துக்கொள்ளும். இரண்டு மூன்று வாரம் உள்ளே தின்றுவிட்டு வெளியே வந்து, காய்ந்த சருகிலோ மண்மேலோ கூடு கட்டும். காய் இல்லாத காலத்தில் குருத்து, காய் வந்துவிட்டால் காய்.

ஆகவே வேப்பெண்ணெய் தெளித்து அதைப் பிடிக்கிறேன் என்பது நடக்காது. மருந்து வெளியே, புழு உள்ளே. முளையிலேயே கிள்ளு என்பது இங்கே அப்படியே பொருந்தும். தொங்கிய நுனியை, ஓட்டைக்கு ஒரு அங்குலம் கீழே பச்சையான நல்ல தண்டு தெரியும்வரை வெட்டுங்கள். தினமும் ஒரு சுற்று, 5 செடிக்கு 5 நிமிடம். வெட்டியதை உரக்குழியில் போடாதீர்கள், அங்கேயே கூடு கட்டி அந்தாகி வரும். சோப்புத் தண்ணீரில் முக்கிவிடுங்கள், அல்லது பிளாஸ்டிக் பையில் கட்டி வெயிலில் போடுங்கள். வெட்டிய இடத்துக்குக் கீழே புதுக்கிளை வரும், நஷ்டம் ஒன்றுமில்லை.

கத்தரிக்கு ஏற்ற ஆயுதம் கத்தரிக்கோல் என்று என் அம்மா சிரித்துக்கொண்டே சொல்வார்.

நாலு படி:
எதிர்க்கருத்து ஒன்று. நான் வாரம் ஒருமுறை பூச்சிமருந்து அடிக்கிறேன், என் காய் சுத்தமாக இருக்கிறது. 5 செடிக்கு வெட்டு, தேடு என்பதெல்லாம் சரி. 40 செடி வைத்திருப்பவன் தினமும் குருத்தைத் தடவிக்கொண்டிருக்க முடியுமா?

தேனீக்காரி:
40 செடிக்கு வாரம் இருமுறை பார்த்தாலும் போதும், சார். நீங்கள் எந்த மருந்து, அடித்த எத்தனையாவது நாள் பறிக்கிறீர்கள்? கத்தரி இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை பறிக்கும் பயிர். மருந்துக் குப்பியில் அறுவடைக்கு முன் காத்திருக்க வேண்டிய நாள் என்று ஓர் எண் அச்சிட்டிருக்கும். வாரம் ஒருமுறை அடித்தால் அந்த நாள் முடிவதற்குள் அடுத்த தெளிப்பு வந்துவிடும். அப்படியானால் எப்போது பறித்தீர்கள்?

நாலு படி:
குப்பியை எடுத்துப் பார்த்தேன். 7 நாள் போட்டிருக்கிறது. நான் மூன்றாம் நாளே பறித்திருக்கிறேன். சரி, இந்த விஷயத்தில் நான் வாயை மூடிக்கொள்கிறேன். ஆனால் 40 செடிக்கு வேறு வழி சொல்லுங்கள்.

தேனீக்காரி:
வலை. கொசுவலை அளவுக்கு நெருக்கமான நைலான் வலையைச் சட்டம் கட்டிப் பாத்தி முழுவதையும் மூடுங்கள், அந்து உள்ளே வராது. நாற்று நட்ட அன்றே மூட வேண்டும். புழு இருக்கிற செடியை மூடினால் அதற்கு நீங்களே வீடு கட்டிக்கொடுத்த மாதிரி. வலைக்குள் தேனீயும் வராது, அதனால் காலையில் பூவைச் சுண்டிவிட வேண்டும், அல்லது கம்பியில் கட்டிய செடிகளை வரிசையாக ஒரு உலுக்கு உலுக்கினால் போதும்.

இனக்கவர்ச்சிப் பொறியும் உண்டு. அதில் ஆண் அந்து மட்டும்தான் விழும். இரண்டு செடிக்கு அதை வாங்கி வைப்பது வீண். 40 செடிக்கு, அந்து நடமாட்டம் எப்போது கூடுகிறது என்று தெரிந்துகொள்ளவாவது உதவும். விழும் எண்ணிக்கை ஏறினால் குருத்தைப் பார்க்கும் நாளைக் கூட்டுங்கள்.

முதல்தொட்டி:
வேறு பூச்சிகளும் வர ஆரம்பித்துவிட்டன. இலையில் பச்சையம் மட்டும் சுரண்டப்பட்டு வலை மாதிரி நரம்பு தெரிகிறது. செம்பழுப்பில் கறுப்புப் புள்ளி போட்ட வண்டு ஒன்று உட்கார்ந்திருக்கிறது. பொறிவண்டு நல்லது என்று படித்தேன், விட்டுவிட்டேன்.

களைக்கொத்து:
ஆள் மாறிவிட்டது, தம்பி. அது எபிலாக்னா வண்டு, பொறிவண்டுக் குடும்பத்திலேயே இலை தின்னப் பழகிய ஆள். நல்ல பொறிவண்டின் முதுகு எண்ணெய் தடவினதுபோல் பளபளக்கும், இதன் முதுகில் மென்முடி இருப்பதால் மங்கலாக இருக்கும். புள்ளிகளும் நிறைய, ஒரு வகையில் 28. இலைக்கு அடியில் மஞ்சள் முட்டைகள் கும்பலாக, நட்டுவைத்த மாதிரி நிற்கும். மஞ்சள் நிறத்தில் முள் முள்ளாக ஒரு புழு இருந்தால் அது இதன் குஞ்சு. எல்லாவற்றையும் கையாலேயே நசுக்குங்கள்.

அசுவினி, வெள்ளை ஈ, தத்துப்பூச்சி இவற்றுக்கு வேப்பெண்ணெய் சரி. ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி, கூடவே கொஞ்சம் சோப்புக் கரைசல், இல்லாவிட்டால் எண்ணெய் மிதந்துகொண்டு நிற்கும். மாலையில் தெளிக்கவும், இலையின் அடிப்பக்கம் நனையட்டும். சிலந்திப்பேன் வந்தால் இலையடியில் தண்ணீரைப் பீய்ச்சினாலே பாதி போய்விடும், வறண்ட சூடுதான் அதற்குப் பிடிக்கும். மாவுப்பூச்சி இருக்கும் இடத்தில் எறும்பு வரிசையைத் தேடுங்கள், எறும்பைத் தடுக்காமல் மாவுப்பூச்சியை ஒழிக்க முடியாது.

முதல்தொட்டி:
அவசரம். நேற்று மாலைவரை நன்றாக இருந்த நாலாவது செடி இன்று காலை மொத்தமாகத் தொங்கிவிட்டது. மஞ்சள் இல்லை, பச்சையாகவே தொங்குகிறது. மண்ணில் ஈரம் இருக்கிறது. குருத்தில் ஓட்டை இல்லை.

பழைய வாளி:
பதறாமல் ஒரு கண்ணாடி டம்ளரில் தெளிந்த தண்ணீர் எடுங்கள். செடியின் அடித்தண்டில் விரல் நீளத்துக்கு ஒரு துண்டு வெட்டி, வெட்டுமுனை தண்ணீருக்குள் மூழ்கும்படி அசையாமல் பிடியுங்கள். ஐந்து நிமிடம். வெட்டுவாயிலிருந்து பால் நூல்போல் ஒழுகி இறங்கினால் பாக்டீரியா வாடல். ஒன்றும் வராமல், தண்டின் உள்வளையம் மட்டும் பழுப்பாக இருந்தால் பூஞ்சண வாடலாக இருக்கலாம். பூஞ்சணம் பொதுவாக அடியிலையை மஞ்சளாக்கி நிதானமாக ஏறும். இப்படி ஒரே ராத்திரியில் சாய்க்காது.

முதல்தொட்டி:
செய்தேன். முதல் ஒரு நிமிடம் ஒன்றும் இல்லை. அப்புறம் வெள்ளையாக, ஊதுபத்திப் புகையைத் தலைகீழாகப் பிடித்த மாதிரி, மெல்லிய நூல் ஒன்று கீழே இறங்கியது. பிறகு இரண்டு, மூன்று. பத்து நிமிடத்தில் டம்ளர் முழுக்கக் கலங்கிவிட்டது.

பழைய வாளி:
ரால்ஸ்டோனியா, பாக்டீரியா வாடலைக் கொண்டுவரும் கிருமி. செடி போனது போனதுதான். அந்தப் பை மண் எங்கிருந்து வந்தது?

முதல்தொட்டி:
முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். மற்ற நாலு பைக்கும் புதுமண். அந்த ஒன்றில் மட்டும் போன தடவை தக்காளி வைத்திருந்த மண். அந்தத் தக்காளியும் இப்படித்தான் திடீரென்று வாடியது. தண்ணீர் ஊற்ற மறந்துவிட்டேன் என்று நினைத்து மண்ணைக் காயவைத்து மறுபடி பயன்படுத்தினேன்.

களைக்கொத்து:
தக்காளி, மிளகாய், உருளை, கத்தரி எல்லாம் ஒரே குடும்பம். ஒன்றுக்கு வந்தது இன்னொன்றுக்கும் வரும், இந்தக் கிருமி மண்ணில் வருடக்கணக்கில் கிடக்கும். செடியை வேரோடும் பை மண்ணோடும் அப்புறப்படுத்துங்கள். அந்தப் பையிலிருந்து வழியும் தண்ணீர் மற்றப் பைகளுக்குப் போகாமல் பாருங்கள். வெட்டிய கத்தியைச் சாராயக் கரைசலால் துடைத்த பிறகுதான் அடுத்த செடியைத் தொட வேண்டும்.

தரையில் பாத்தி போடுகிறவர்களுக்கு: மூன்று வருடமாவது அந்த இடத்தில் இந்தக் குடும்பத்துச் செடி எதையும் வைக்காமல் சோளம், வெங்காயம் என்று மாற்றுங்கள். வேறு இடமே இல்லை என்றால் சுண்டைச் செடியின் வேர்த்தண்டில் ஒட்டுக்கட்டிய கத்தரி நாற்றைத் தேடுங்கள். சுண்டை வேர் இந்த வாடலையும் வேர்முடிச்சு நூற்புழுவையும் நன்றாகத் தாங்கும், ஒட்டுச் செடி பல மாதம் கூடுதலாகவும் காய்க்கும்.

சுருட்டை இலை:
இரண்டு பேரும் ஒரு செடி இழந்தோம், தம்பி. மிச்சம் நாலு இருக்கிறதே, அதைப் பாருங்கள்.

முதல்தொட்டி:
பார்க்கிறேன், அக்கா. முதல் காய் இப்போது என் கைப்பிடி அளவு. இன்னும் பெரிதாகட்டும் என்று விட்டுவைக்கலாமா? எப்போது பறிப்பது?

தேனீக்காரி:
அளவைப் பார்க்காதீர்கள், தோலைப் பாருங்கள். பளபளப்பு இருக்கும்போதே வெட்ட வேண்டும். கட்டைவிரலால் லேசாக அழுத்தினால் குழி விழுந்து உடனே நிமிர வேண்டும். குழியே விழாமல் கல் மாதிரி இருந்தால் இன்னும் பிஞ்சு. விழுந்த குழி அப்படியே நின்றால் முற்றிவிட்டது. தோல் மங்கி, மஞ்சளோ வெண்கல நிறமோ அடிக்க ஆரம்பித்தால் உள்ளே விதை பழுப்பாகி, கசப்பு ஏறியிருக்கும்.

கத்தரிக்காய் முற்றினால் கடைத்தெருவுக்கு வந்துதானே ஆகவேண்டும் என்பார்கள். வீட்டுச் செடியில் முற்றவிட்டால் கடைத்தெருவுக்கும் வராது, அடுத்த பூவும் வராது. செடி விதையை முற்றவைப்பதிலேயே சத்தைச் செலவழிக்கும். இழுத்துப் பறிக்காதீர்கள், கிளை கிழியும். காம்பில் ஒரு அங்குலம் விட்டு வெட்டுங்கள். காம்பு முள்ளைக் கவனியுங்கள்.

நாலு படி:
விதைக்கு ஒரு காய் விடலாமே?

பழைய வாளி:
விடலாம், நாட்டு ரகமாக இருந்தால். வீரிய ஒட்டுரக விதையிலிருந்து எடுத்தால் அடுத்த தலைமுறை தாய் மாதிரி வராது, ஏமாந்துபோவீர்கள். நல்ல செடியில், ஓட்டை இல்லாத ஒரு காயைச் செடியிலேயே மஞ்சளாகிப் பழுக்கவிட்டு, சதையைத் தண்ணீரில் பிசைந்து, அடியில் தங்கும் விதையை மட்டும் எடுத்து நிழலில் உலர்த்துங்கள். மிதப்பது பதர். விதைக் காய் விட்ட செடியிலிருந்து வேறு பெரிதாக எதிர்பார்க்காதீர்கள். வாடல் வந்த வீட்டில் இந்த முறை விதை எடுக்காதீர்கள் என்பது என் எண்ணம்.

முதல்தொட்டி:
இரண்டரை மாதம் கழித்து எழுதுகிறேன். நாலு செடியில் இதுவரை 58 காய். அதில் ஓட்டை விழுந்தது 11. தினம் குருத்து பார்த்த முதல் மாதத்தில் 2 தான். நடுவில் 9 நாள் வெளியூர் போயிருந்தேன், மிச்சம் 9 அதற்குப் பிறகு வந்தது. இப்போது செடி களைத்துவிட்டது, காய் கோணலாகவும் சிறியதாகவும் வருகிறது. பிடுங்கிவிடலாமா?

களைக்கொத்து:
அவசரப்படாதீர்கள். வேர் நன்றாக இருந்தால் கவாத்து செய்யுங்கள். மண்ணிலிருந்து ஒரு அடி விட்டு, கவைக்குமேல் இரண்டு மூன்று கணு மிஞ்சும்படி எல்லாக் கிளைகளையும் வெட்டுங்கள். வெட்டிய குப்பையில் புழு இருக்கும், அதே சோப்புத் தண்ணீர் வைத்தியம். மேல்மண்ணை இரண்டு அங்குலம் சுரண்டி எடுத்துவிட்டுப் புது மண்புழு உரமும் ஒரு பிடி வேப்பம் பிண்ணாக்கும் போடுங்கள். கூடுகள் பாதி அந்த மேல்மண்ணிலும் சருகிலும்தான் இருக்கும். இலை இல்லாத செடிக்குத் தண்ணீரைக் குறையுங்கள்.

முதல்தொட்டி:
வெட்டி 9 நாள். மூன்று செடியில் கணுவுக்குக் கணு ஊதா நிறத் தளிர். நாலாவது இன்னும் யோசிக்கிறது. சவலைச் செடிதான் இப்போதும் முதலில் முந்திக்கொண்டது, விரல் நீளத்துக்கு நாலு கிளை. அதில் ஒன்றின் நுனி இன்று காலை தலை தொங்கியிருக்கிறது. கத்தரிக்கோல் எங்கே வைத்தேன் என்று தேடிக்கொண்டிருக்கிறேன், வெட்டிவிட்டு வருகிறேன்.